மூத்தவள் மேடேறிய திங்கட்கிழமை

அந்த நோட்டுப் புத்தகம் மட்டும் வீட்டுக்கு வராமல் இருந்திருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது.

வியாழக்கிழமை மாலை. சாப்பாட்டு மேசையில் டீச்சர் இரண்டாம் வகுப்புக் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தார். 'எங்கள் டீச்சர்' என்று தலைப்பு. தலைப்பைக் கொடுத்ததும் அவரேதான். இருபத்தாறாவது நோட்டில் சிவப்புப் பேனா நின்றது. நின்ற இடத்தில் மை ஊறி, புள்ளி கடுகாகி, கடுகு பட்டாணியாகிக்கொண்டிருந்தது. எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவர் அந்தப் பட்டாணியைப் பார்த்தார். பேப்பரை மடித்து வைத்தார்.

"படிங்க," என்று டீச்சர் நோட்டைத் தள்ளினார்.

'எங்கள் டீச்சர் நல்லவர். அவர் சத்தமாகப் பேசுவார். அவருக்கு ஒரு கார் இருக்கிறது. தினமும் காலையில் கார் முன்னால் வரும். டீச்சர் பின்னால் நடந்து வருவார்.'

கீழே படம் வேறு. படத்தில் கார் சிரித்துக்கொண்டிருந்தது. அதன் பின்னால் குச்சிக் கையும் குச்சிக் காலுமாக ஓர் உருவம் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தது.

அவர் இரண்டு முறை படித்தார். கடைசியில் சொன்னார்: "எழுத்துப் பிழை ஒண்ணு கூட இல்ல."

டீச்சர் பேனாவை மூடிவைத்தார். அவர் பேனாவை மூடினால் அன்றைக்கு யாருக்கோ சனி பிடித்திருக்கிறது என்று பொருள்.

கணவர் எடை அளவுத் துறையில் ஆய்வாளர். கடை கடையாகப் போய், தராசு சரியாக நிற்கிறதா, படிக்கல் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது வேலை. கால் கிராம் குறைந்தாலும் விடமாட்டார் என்பதால் அலுவலகத்திலும் கடைத்தெருவிலும் அவருக்குக் கிராம் சார் என்று பெயர். வாயிலிருந்து வார்த்தையையும் அவர் அப்படித்தான் நிறுத்துக் கொடுப்பார். அவர் மனம்விட்டுப் பேசுகிற ஒரே ஆள் அவருடைய கார்தான். அதுவும் வண்டிக்குள் வேறு யாரும் இல்லாதபோது.

வெளிறிய பச்சை நிறத்தில் ஒரு சின்னக் கார். கல்யாணத்துக்கு மூன்று வருடம் முன்பே வாங்கியது. "உங்க மூத்த தாரம்" என்று டீச்சர் கல்யாணமான புதிதில் கேலியாகச் சொல்லப்போக, அதுவே நிலைத்து இப்போது வீட்டில் எல்லோருக்கும் அது மூத்தவள். காலையில் மூத்தவளுக்கு முகம் துடைத்துவிட்டுத்தான் கிராம் தன் முகத்தைக் கழுவுவார்.

மூத்தவளுக்கு எல்லாம் சரி, மேடுதான் ஆகாது. டீச்சரின் பள்ளிக்கூடமோ மேட்டின் உச்சியில். அதே உச்சியில்தான், அவர்களோடு குடியிருக்கும் டீச்சரின் தம்பியான மச்சினன் வேலை பார்க்கும் தொலைபேசி அலுவலகமும் டீச்சரின் அப்பாவான மாமனார் நடைப்பயிற்சிக்குப் போகும் பூங்காவும். அதனால் தினமும் காலையில் நால்வரும் ஒன்றாகக் கிளம்புவார்கள். மேட்டின் அடியில் ஒரு தபால் பெட்டி உண்டு. அங்கே கார் நிற்கும். யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. மூன்று கதவு திறக்கும், மூன்று பேர் இறங்குவார்கள், மூன்று கதவு சாத்தும். கிராம் முதல் கியரில் தனியாக உறுமிக்கொண்டு ஏறி, பள்ளி வாசலில் நின்று காத்திருப்பார். மற்றவர்கள் நடந்து வந்து, காரிலிருந்து அவரவர் பையை எடுத்துக்கொண்டு போவார்கள். நடக்கப் போகிற மாமனாருக்கு நடந்து ஏறியதிலேயே மூச்சு முட்டிவிடும். பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து வருவார். ஏழு வருடமாக இதுதான் வழக்கம். இதில் விசித்திரம் ஒன்றும் இருப்பதாக அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை, அந்த இருபத்தாறாவது நோட்டு வரும்வரை.

"வர்ற திங்கக்கிழமை," என்றார் டீச்சர், "நான் கார்ல உக்காந்து போய் ஸ்கூல் வாசல்ல இறங்கணும். எல்லாப் பிள்ளைங்களும் பாக்கணும். நடக்கலன்னா வண்டி வீட்டை விட்டுப் போகணும். ரெண்டுல ஒண்ணு."

மச்சினனுக்கு வெறும் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லாதவன். ஆனால் ஊரில் உள்ள வண்டிகளைப் பற்றியெல்லாம் அபிப்பிராயம் வைத்திருந்தான்.

"அத்தான், பழைய வண்டி எடுக்கிற ஆள் ஒருத்தர் எனக்குப் பழக்கம். செவ்வாய்க்கிழமை வரச் சொல்லிடட்டுமா? நல்ல மனுஷன். பிரிக்கும்போதுகூடப் பதமாத்தான் பிரிப்பார்."

பிரிப்பார் என்ற சொல் கிராமின் நெஞ்சில் போய்க் குத்தியது. எழுந்து வாசலுக்குப் போனார். மூத்தவளின் முகப்பில் கை வைத்துக்கொண்டு இருட்டும்வரை அங்கேயே நின்றார்.

மறுநாள் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு மெக்கானிக்கிடம் போனார். மாமனாரும் வேடிக்கை பார்க்க முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

தகரக் கூரை போட்ட பட்டறை. ஒரு பக்கம் டயர்கள் அடுக்கியிருந்தன, இன்னொரு பக்கம் எண்ணெய் டின்கள். மெக்கானிக் வாய் ஓயாத ஆள். கிராம் பேசாத பேச்சையெல்லாம் இவர் வாங்கிச் சேர்த்துப் பேசுகிறாரோ என்று தோன்றும்.

"சொல்லுங்க சார், ரேஸுக்கு விடணுமா?"

கிராம் இல்லையென்று தலையை ஆட்டினார். "மேடு ஏறணும்," என்றார்.

"அவ்வளவுதானே?"

"அவளுக்கு நோகக் கூடாது."

மெக்கானிக் ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு காற்று வடிகட்டியை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். அதன் வழியாக வெளிச்சமே வரவில்லை.

"பாவம் சார் இது. உள்ள போற காத்தும் அடைப்பு, வெளிய போற காத்தும் அடைப்பு. மூச்சை இழுக்கவும் முடியல, விடவும் முடியல. இதுல மேடு ஏறுன்னா எங்க ஏறும்?"

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மாமனார் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "எனக்கும் இதேதான்," என்றார்.

"புது ஃபில்டர் போட்டுடலாம். சைலன்சர் உள்ள முழுக்கக் கரி. கழட்டிட்டு கொஞ்சம் அகலமான குழாயா மாட்டிடலாம். கார்புரேட்டர்ல ஜெட் ஒரு சைஸ் பெருசு, பெட்ரோல் கொஞ்சம் தாராளமா இறங்கும். இன்ஜின் மூடியான ஹெட்டைக் கழட்டி முடியளவு இழைச்சுட்டா அழுத்தம் ஏறும். ஸ்பார்க் டைமிங்கை ரெண்டு டிகிரி முன்னாடி தள்ளினாப் போதும், முன்னைக்கு இப்ப அஞ்சாறு குதிரை சேந்த மாதிரி இருக்கும்."

"எனக்கும் ஏதாவது பண்ண முடியுமா?" என்று கேட்டார் மாமனார்.

"உங்களுக்கு நான் ஜெட் மாத்த முடியாது பெரியவரே. கொஞ்சம் நடங்க, போதும்."

"நடந்து நடந்துதான்யா இப்படி ஆயிட்டேன்."

மெக்கானிக் கிராமின் பக்கம் திரும்பினார். "மேட்டுல மொத்தம் எவ்வளவு பாரம் ஏறும் சார்? அதுக்குத் தக்கன வைக்கணும். கூட வச்சா சூடாகும், கம்மியா வச்சா நீங்க மறுபடியும் அந்தத் தபால் பெட்டிகிட்ட நிப்பீங்க."

பாரம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் கிராமின் முதுகு நிமிர்ந்தது. நேற்று மாலையிலிருந்து இல்லாத தெம்பு வந்துவிட்டது. "நாளைக்குச் சொல்றேன்," என்றார்.

அன்று மாலை அலுவலகப் பதிவேட்டில் முறையாகக் கையெழுத்துப் போட்டு, மேடைத் தராசு ஒன்றை எடுத்துவந்து கூடத்தில் நட்டநடுவே வைத்தார். நான்கு மூலைக்கும் நீர்மட்டம் பார்த்தார். மின்விசிறியை நிறுத்தினார், காற்று முள்ளை ஆட்டுமாம். குடும்பம் வியர்க்க வியர்க்க வரிசையில் நின்றது.

மாமனார் எண்பத்து நாலு கிலோ இருநூறு கிராம். "செருப்பைக் கழட்டுறேன், மறுபடி பாருங்க மாப்ளே," என்றார். கழற்றினார். "மூக்குக் கண்ணாடி?" அதையும் கழற்றினார். பிறகு எதிரே இருந்த முள் அவருக்குத் தெரியவில்லை. "குறைஞ்சுதா?" "கொஞ்சம்," என்றார் கிராம்.

மச்சினன் எழுபத்தொன்று அறுநூறு. கிராம் சார் அறுபத்திரண்டு நானூறு. சாப்பாட்டுப் பைகள், கட்டுரை நோட்டுகள், தண்ணீர் பாட்டில்கள் எல்லாம் சேர்ந்து ஒன்பது எண்ணூறு.

டீச்சர் சமையலறை வாசலில் நின்றபடியே இருந்தார்.

"அக்கா, உன் முறை."

"எதுக்கு? எனக்கு என் எடை தெரியும்." டீச்சர் கணவரைப் பார்த்தார். "அம்பத்தஞ்சுன்னு எழுதுங்க."

மச்சினன் கூரையைப் பார்த்தான். மாமனார் கண்ணாடியை எடுத்துப் போட்டு மகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வம்பு எதற்கு என்று மறுபடி கழற்றிக்கொண்டார். இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் கிராமிடம் எத்தனை கடைக்காரர்கள் கெஞ்சியிருப்பார்கள், ஒரு பொய் எடையை அவர் கை எழுதியதில்லை. இப்போது பேனா தாளின் மேல் நின்றது. கிராம் நிமிர்ந்து மனைவியின் முகத்தைப் பார்த்தார். குனிந்து, ஐம்பத்தைந்து என்று எழுதினார். எழுத்து அவருடையது மாதிரியே இல்லை.

மறுநாள் அந்தத் தாளை மெக்கானிக் வாங்கிப் படித்தார். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"சார், டீச்சரம்மாவை நான் பாத்திருக்கேன்."

கிராம் டயர் அடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அறுபத்தெட்டுன்னு வச்சுக்கலாமா?"

"வச்சுக்குங்க," என்றார் கிராம், உதடு அசையாமல். "வெளிய சொல்லிடாதீங்க."

ஞாயிறு மாலை வண்டி தயார். சாவியைத் திருகியதும் கிராம் திடுக்கிட்டுப் போனார். மெல்ல இருமிக்கொண்டு எழுகிற மூத்தவள் எங்கே, இது எங்கே. தொண்டையைச் செருமிக்கொண்டு மேடையேறிய பேச்சாளர் மாதிரி ஒரு குரல். பட்டறை வாசலில் படுத்திருந்த பூனை எழுந்து, இரண்டு கடை தள்ளிப் போய்ப் படுத்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவர் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே வந்தார். நீயும் இத்தனை நாள் பேசாமல்தான் இருந்திருக்கிறாய், என்று மனசுக்குள் சொன்னார். அடைத்துக்கொண்டு இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை டீச்சர் புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்தார். மாமனார் முன் சீட்டில், அக்காவும் தம்பியும் பின் சீட்டில். மச்சினன்கூட வாயைத் திறக்கவில்லை.

தபால் பெட்டி வந்தது. ஓடுகிற ஓட்டத்தில் ஏற அவருக்கு மனசு வரவில்லை. காரை நிறுத்தினார். கண்ணை மூடி ஒரு நிமிடம் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்து, "மானத்தைக் காப்பாத்து தாயே," என்றார். முதல் கியரைப் போட்டார். கிளட்சை விட்டார்.

மூத்தவள் பாய்ந்தாள்.

அப்படி ஒரு ஏற்றத்தை அவர் கண்டதில்லை. முதல் கியரில் சீறி, பாதி மேட்டில் இரண்டாம் கியர் கேட்டாள். இரண்டாம் கியர்! அந்த மேட்டில் இரண்டாம் கியருக்கு வேலை உண்டு என்பதே அவருக்குப் புதுச் செய்தி. இத்தனை பாரத்தை வைத்துக்கொண்டு இப்படி ஏறுகிறாளே என்று கண்ணில் நீர் முட்டியது. "என் ராஜாத்தி," என்று வாய்விட்டே சொன்னார். அடுத்தவர் காதில் விழும்படி அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. யாரும் கேலி செய்யவில்லை என்பது நெகிழ்ச்சியாக இருந்தது.

பள்ளி வாசலில் கூட்டம். தலைமை ஆசிரியை கேட்டருகே நின்றிருந்தார். பிள்ளைகள் புதுச் சத்தத்தைக் கேட்டு வேலியோரம் ஓடிவந்து நின்றன. கிராம் கம்பீரமாகக் காரை நிறுத்தினார், இறங்கினார், சுற்றி வந்தார், அரண்மனைச் சேவகனைப் போல வளைந்து பின் கதவைத் திறந்தார்.

உள்ளே நாற்பத்து மூன்று நோட்டுகளும் மூன்று சாப்பாட்டுப் பைகளும் இருந்தன.

குனிந்து சீட்டுக்கு அடியிலும் பார்த்தார். முன் சீட்டைப் பார்த்தார். அது காலியாக இருந்தது. ஏழு வருடமாக அந்த மேட்டில் அது காலியாகத்தான் இருந்திருக்கிறது. அதனால்தான் கண்ணில் உறுத்தவில்லை. கதவு சாத்திய ஓசையை மூத்தவளின் புதுக் குரல் விழுங்கியிருந்தது.

"டீச்சர் வரலையா சார்?" என்றார் தலைமை ஆசிரியை.

கிராம் பதில் சொல்லாமல் திரும்பி மேட்டைப் பார்த்தார். பாதி வழியில் மூன்று உருவங்கள் நின்றுகொண்டிருந்தன. மூன்றும் ஒன்றை ஒன்று கைநீட்டிக் கத்திக்கொண்டிருந்தன. காற்று திரும்பியபோது துண்டு துண்டாகக் கேட்டது.

"...நீங்க கதவைத் தொறந்தீங்க, அதான் நானும்..."

"...வண்டி நின்னா இறங்கணும்னு தானா கால் போகுதும்மா..."

"...நீ டீச்சராச்சே, உனக்கு ஞாபகம் வேணாமா அக்கா..."

வேலியோரத்தில் ஒரு சின்னக் குரல் வெற்றியோடு அறிவித்தது: "நான்தான் எழுதினேனே! கார் முன்னால வரும், டீச்சர் பின்னால வருவாங்க!"

கிராம் காரைத் திருப்பிக்கொண்டு இறங்கினார். மூவருக்கும் எதிரே வந்து, வண்டியை மேட்டை நோக்கித் திருப்பி நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்தார். டீச்சரின் நெற்றியில் வியர்வை. கண்ணில் அதைவிடக் கொஞ்சம் அதிகமாக ஏதோ. ஏழு வருடம் நடந்தபோது வராதது.

"ஏறுங்க. கீழ போய், முதல்ல இருந்து வரலாம்," என்றார் கிராம்.

"மாட்டேன்." டீச்சர் பின் கதவைத் திறந்து உட்கார்ந்தார். "இனிமே ஒரு அடி கீழ போக மாட்டேன். பெல் அடிக்கப் போகுது. இங்க இருந்தே போகட்டும்."

"அக்கா, பாதி மேட்டுல நின்ன வண்டிய..."

"ஏறுடா."

ஓடி வந்து ஏறுவதற்குத்தான் மெக்கானிக் கணக்குப் போட்டிருந்தார். செங்குத்தான இடத்தில், நின்ற நிலையில், இருநூற்றுத் தொண்ணூற்றாறு கிலோவை இழுத்துக்கொண்டு கிளம்பும் கணக்கு அந்தத் தாளில் இல்லை. இங்கே நின்றுபோனால் நாளை அந்த நல்ல மனுஷன் ஸ்பானரோடு வருவார். பதமாகப் பிரிப்பார்.

கிளட்சை மெல்ல விட்டார். மூத்தவள் நடுங்கினாள். கைப்பிரேக்கை இறக்கினார். கார் ஒரு சாண் பின்னால் போனது. மாமனாரின் கை தானாகக் கதவை நோக்கிப் போயிற்று.

"அப்பா!"

கை திரும்பி மடிக்கு வந்தது. மாமனார் உடம்பு இலேசாகட்டும் என்று மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டார். மச்சினன் எந்தப் பௌதிகத்தை நம்பினானோ, இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டான். டீச்சர் கணவரின் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்தார். கிளட்ச் கருகும் வாசனை வந்தது. கார் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. இன்ஜின் மட்டும் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது.

"போயேன்டி," என்றார் டீச்சர், பல்லைக் கடித்துக்கொண்டு. இத்தனை வருடத்தில் மூத்தவளிடம் அவர் நேராகப் பேசிய முதல் பேச்சு. "போ. என் மானத்தை வாங்காத. போயேன்."

கார் ஒரு விரற்கடை முன்னால் நகர்ந்தது. பிறகு ஒரு சாண். பிறகு ஒரு கிழவர் கைத்தடியோடு அவர்களைத் தாண்டி மேலே போனார், போகிறபோது உள்ளே எட்டிப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். பிறகு அந்தக் கிழவரை அவர்கள் தாண்டினார்கள். "தாண்டியாச்சு! தாண்டியாச்சு அத்தான்!" என்று மச்சினன் கத்தினான், யானையைத் தாண்டியவன் மாதிரி.

பள்ளி வாசலில் வண்டி நின்றபோது பெல் அடித்து முடிந்திருந்தது. வேலியோரம் யாருமில்லை. தலைமை ஆசிரியை உள்ளே போய்விட்டார். பிள்ளைகள் அனைவரும் வகுப்பில். வாசலில் காவலாளி மட்டும் தாமத வருகைப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு நின்றார். "டீச்சர், இன்னிக்கு லேட்டு," என்று பேனாவை நீட்டினார். காரில் வந்தாரா, பல்லக்கில் வந்தாரா என்று அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மாமனார் அடக்கிவைத்த மூச்சைப் பெரிதாக விட்டார். பிறகு யாரும் பேசவில்லை. நால்வரும் முன்னால் இருந்த வெற்று வேலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கிராம் பேசாமல் இருந்து பழகியவர். எந்த மௌனம் எந்த எடை என்று அவருக்குத் தெரியும். இதைத்தான் அவரால் நிறுக்க முடியவில்லை. எல்லாப் பிள்ளைகளும் பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு பிள்ளை பார்க்கவில்லை.

காலரிலிருந்து டீச்சரின் கை மெல்ல விலகியது. கசங்கிய இடத்தை இரண்டு முறை நீவிவிட்டது.

"நாளைக்குப் பத்து நிமிஷம் முன்னாடி கிளம்பணும்," என்றார் டீச்சர். "பிள்ளைங்க வெளிய நிக்கும்போது வரணும். யாராவது கதவுல கை வச்சீங்க, தெரியும் சேதி."

மச்சினன் அக்கா பக்கம் திரும்பினான். "அக்கா, அப்ப நாளைக்கு அந்த ஆள் வர்றேன்னு..."

"எந்த ஆளு?"

மச்சினன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். "யாருமில்ல," என்றான்.

டீச்சர் நோட்டுகளை அள்ளிக்கொண்டு இறங்கி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, கேட்டைத் தாண்டினார். கிராம் ஸ்டீயரிங்கைத் தடவிக்கொடுத்துவிட்டுச் சாவியைத் திருகி எடுத்தார். அத்தோடு இன்ஜின் நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. அழுத்தம் ஏற்றிய இன்ஜின், சூடேறிய சூட்டில், சாவி போன பிறகும் தானாகவே டுக், டுக், டுக் என்று குலுங்கியது.

டீச்சர் சட்டென்று திரும்பினார். அவர் பேசி முடித்த பிறகு அந்தக் குடும்பத்தில் யாரும் பேசுவது வழக்கமில்லை.

"என்ன, பதில் பேசுறாளா?"

கிராம் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். மூத்தவள் இன்னும் ஒரு முறை டுக்கென்று குலுங்கி அடங்கினாள்.

"இல்ல," என்றார் கிராம். "சரிங்கிறா."